அச்சாரம் தருபவர் யார்?

பாடகர்களையும் பாட்டெழுதுவோரையும் குறிவைக்கும் இணைய மோசடிகள்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது

நமது கிராமங்களில் பாட்டு இல்லாத வீடு இல்லை எனலாம். ஏற்றம் இறைத்த காலத்தில் ஏற்றப் பாட்டு இருந்தது. மின்சார மோட்டார் வந்தபின் அது மறைந்தது. ஆயினும் நடவுப் பாட்டும், தாலாட்டும், கும்மியும், வில்லுப்பாட்டும் இன்றும் நம்மிடையே வாழ்ந்து வருகின்றன. இவற்றோடு இப்பொழுது ஒரு புதிய வழக்கமும் சேர்ந்திருக்கிறது. பாடத் தெரிந்த இளைஞர்களும், பாட்டெழுதத் தெரிந்த பெண்களும், நாகஸ்வரக் கலைஞர்களும், பறையிசைக் குழுவினரும் தங்கள் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து, யூடியூப், இன்ஸ்டாகிராம் முதலியவற்றின் வழியே உலகத்தாருக்கு அளிக்கிறார்கள். பட்டணத்துக்குச் சென்று யாரேனும் ஒருவர் வாசலில் காத்துக் கிடந்தால்தான் பாட்டுக்கு வழி பிறக்கும் என்றிருந்த நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. இது வரவேற்கத்தக்க மாறுதலேயாகும்.

ஆனால் கதிர் முற்றிய வயலைத் தேடி எலி வருவது போல, இவர்களைத் தேடி மோசக்காரர்களும் வருகிறார்கள். விதை, உரம், கடன், சாலை ஆகியவற்றைப் பற்றி எழுதும் இப்பத்திரிகையில் பாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். கிராமத்து இளைஞன் இம்மோசடியில் சிக்கும்பொழுது, போவது பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தின் பணமே. அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

சில மாதங்களுக்கு முன்பு விவசாயி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வீடு கட்டும் திட்டத்தின் தவணையைப் பற்றி விசாரிக்க வந்தவர், பேச்சு முடிந்த பின்னும் எழுந்திருக்காமல் தயங்கினார். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, “ஐயா, இது நிஜமான பத்திரந்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார்.

அது ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் ஒப்பந்தம். அதில் ஒரு கம்பெனியின் முத்திரை இருந்தது, விலாசம் இல்லை. கையெழுத்திட்டவர் பெயரும் தெளிவாக இல்லை. விசாரித்ததில் வரலாறு விளங்கிற்று. அவருடைய மகன் நன்றாகப் பாட்டெழுதுவான். தானே மெட்டமைத்துப் பாடவும் செய்வான். தன் பாட்டு ஒன்றை அவன் இணையத்தில் வெளியிட்ட சில நாட்களில், பெரிய இசைக் கம்பெனியைச் சேர்ந்தவர் என்று கூறிக்கொண்டு ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார். பாட்டைப் புகழ்ந்தார். “ஆயிரம் பேரில் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்” என்றார். பதிவுக் கட்டணம் என்று 2,500 ரூபாய் கேட்டார். அது சென்றதும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்று 12,000 ரூபாய், பிறகு வரி என்று 9,000 ரூபாய், இறுதியில் வெளியீட்டுச் செலவு என்று 25,000 ரூபாய். ஆக மொத்தம் 48,500 ரூபாய். கடைசித் தொகைக்காகத் தாயாரின் நகை கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போயிற்று. அதன் பின் அந்தக் கைப்பேசி எண் பேசவில்லை.

அவர் என்னிடம் வந்தது பணம் போய் ஐந்து வாரம் கழித்து. உடனே புகார் செய்ய உதவினேன். ஆனால் பணம் அதற்குள் பல கணக்குகள் மாறிப் போய்விட்டபடியால் திரும்பக் கிடைக்கவில்லை. எழுந்து போகையில் அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் நினைவில் இருக்கிறது: “நகையைத் திருப்பிக்கொள்ளலாம், ஐயா. பையன் இப்போது வாய் திறந்து பாடுவதே இல்லை.”

அச்சாரத்தின் நியாயம்

இத்தகைய மோசத்தைக் கண்டறியப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. நம் ஊர் வழக்கமே போதும். கோயில் திருவிழாவுக்கு நாகஸ்வரக் குழுவை ஏற்பாடு செய்யும்பொழுது, ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கில் அச்சாரப் பணத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் கூப்பிடுபவர், வாங்குபவர் வாசிப்பவர். “எங்கள் கோயிலில் வாசிக்க வேண்டுமானால் முதலில் நீ ஐயாயிரம் கட்டு” என்று எந்த ஊராரும் கேட்டதில்லை. கேட்டால் அக்கலைஞர் தவிலைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

பாட்டு வியாபாரத்திலும் நியாயம் இதுவே. ஒரு கம்பெனிக்கு உண்மையாகவே பாட்டு தேவையானால், அதற்கு விலை கொடுப்பது அக்கம்பெனியின் கடமை. “உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், பணம் அனுப்பு” என்பவன் பாட்டை வாங்க வந்தவன் அல்லன், பாட்டெழுதியவனின் ஆசையை அவனுக்கே விற்க வந்தவன். அச்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி மோசடி அப்பொழுதே வெளிப்பட்டுவிடும்.

பழைய வித்தை, புதிய வேஷம்

இணையம் வந்தபின் தோன்றிய வித்தை இது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, “பாட்டுக்கேற்ற கவிதைகள் தேவை” என்று பத்திரிகைகளின் பின்பக்கங்களில் விளம்பரங்கள் வந்தன. எதை எழுதி அனுப்பினாலும் பாராட்டுக் கடிதம் வரும். மெட்டமைக்கவும், பிற்காலத்தில் இசைத்தட்டாகப் பதிவு செய்யவும் கட்டணம் கேட்பார்கள். கட்டணம் சென்றால் அவசர அவசரமாகப் பாடப்பட்ட ஒரு பதிவு வந்து சேரும். அதை எந்தக் கடையிலும் எவரும் வாங்கமாட்டார்கள். இத்தகைய கம்பெனிக்காரர்களை அந்நாட்டார் ‘பாட்டுச் சுறாக்கள்’ என்று அழைத்தனர். அக்காலத்துச் சுறாவுக்குத் தபால் பெட்டி வேண்டியிருந்தது. இக்காலத்துச் சுறாவுக்குக் கைப்பேசி போதும்.

மோசடியின் வகைகள்

நம் பகுதியில் கவனிக்க வேண்டிய வகைகள் நான்கு.

முதலாவது, மேலே கூறிய ‘தேர்வு’ மோசடி. சினிமாவில் பாடும் வாய்ப்பு, தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி, பத்துப் பேர் பாட்டைச் சேர்த்து வெளியிடும் தொகுப்பு என்று இதற்குப் பல பெயர்கள் உண்டு. பிரபல இசையமைப்பாளரின் படத்தையும் பெயரையும் வைத்துப் போலிக் கணக்கு தொடங்குவது எளிது. இப்பொழுது கணினியின் உதவியால் ஒருவருடைய குரலைப் போலவே பேசவைக்கவும் இயலும். ஆகையால் பழகிய குரல் கேட்டது என்பதையே சான்றாகக் கொள்ளலாகாது. அக்கம்பெனியின் உண்மையான அலுவலக எண்ணை நாமே தேடிக் கண்டுபிடித்து, நாமே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். வந்த செய்தியில் கண்ட எண்ணைக் கூப்பிட்டால் அதே மோசக்காரன்தான் பதில் சொல்லுவான்.

இரண்டாவது, ‘பார்வை’ விற்பனை. “ஆயிரம் ரூபாய் கொடு, பத்தாயிரம் பேர் உன் பாட்டைக் கேட்டதாகக் காட்டுகிறேன்” என்பது இவர்கள் பேச்சு. இது வீண் செலவு மட்டுமன்று, கேடும் ஆகும். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் தேவை. அல்லது குறும்படங்கள் 90 நாட்களில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய பொய்ப் பார்வைகள் இக்கணக்கில் சேரா. கண்டுபிடிக்கப்பட்டால் அவை நீக்கப்படும். கணக்கே முடக்கப்படவும் கூடும். ஸ்பாட்டிஃபை என்னும் இசைச் சேவையிலும் செயற்கையாகப் பெருக்கிய கேள்விகளுக்குப் பணம் கிடையாது. அச்சேவையின் ஆசிரியர் குழு தயாரிக்கும் பாட்டுப் பட்டியலில் இடம்பெற விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. “அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன், பணம் கொடு” என்பவனிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. பதரை மூட்டையில் கட்டி எடை காட்டலாம். அரைக்கும்பொழுது அரிசி வராது.

மூன்றாவது, நிகழ்ச்சி அச்சார மோசடி. கரகாட்டம், பறையிசை, நாகஸ்வரம், மெல்லிசைக் குழு ஆகியவற்றை நடத்துவோர் இதை நன்கு கவனிக்க வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டு, திருமணத்துக்குக் குழு வேண்டும் என்பார். சிலர் இராணுவ அதிகாரி என்றும் சொல்லிக்கொள்வர். பேரம் பேசாமலே கேட்ட தொகைக்கு ஒப்புக்கொள்வார். அச்சாரம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூஆர் கோடை அனுப்பி, “இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பார். போட்ட மாத்திரத்தில் குழுத் தலைவரின் கணக்கிலிருந்து பணம் போய்விடும். ஒரு விதியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: கைப்பேசி வழியே பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ரகசிய எண் கேட்கப்பட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்பதே பொருள். மற்றொரு வகையும் உண்டு. “தவறுதலாக அதிகத் தொகை அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று கூறி, வங்கியிலிருந்து வந்தது போன்ற பொய்யான குறுஞ்செய்தியைக் காட்டுவர். செய்தியை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கணக்கைத் திருடுவது. ஓரளவு பேர் பெற்ற யூடியூப் சேனலுக்கு, “நீங்கள் பிறர் பாட்டைத் திருடியதாகப் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் இந்த இணைப்பைத் திறந்து பதில் சொல்லாவிட்டால் சேனல் நீக்கப்படும்” என்று மின்னஞ்சல் வரும். அல்லது விளம்பரம் தருவதாகச் சொல்லி ஒரு கோப்பை அனுப்புவர். திறந்தால் கடவுச்சொல் அவர்கள் கைக்குப் போய்விடும். உண்மையான புகாராயின் நம் யூடியூப் கணக்குக்குள் நாமே நுழைந்து பார்த்தால் அங்கே தெரியும். எனவே வந்த இணைப்பைத் தொடாமல், நேரே கணக்கில் பார்ப்பதே முறை. கணக்குக்கு இரட்டைப் பாதுகாப்பு வைத்துக்கொள்வதும், ஓடிபி எண்ணை எவருக்கும் சொல்லாதிருப்பதும் அவசியம்.

நான்கிலும் பொதுவான குணங்கள் மூன்று காணப்படும். அளவுக்கு மீறிய புகழ்ச்சி. “இன்றே, இப்பொழுதே” என்னும் அவசரம். “யாரிடமும் சொல்லாதே” என்னும் இரகசியம். இம்மூன்றும் சேர்ந்து வந்தால் பணம் அனுப்புவதை ஒரு நாள் தள்ளிப் போட்டு, வீட்டாரிடமும் விவரம் தெரிந்த ஒருவரிடமும் பேசுவது நலம். உண்மையான வாய்ப்பு ஒரு நாளில் ஓடிப்போகாது.

நியாயமான செலவு எது?

பாட்டுத் தொழிலில் செலவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை உண்டு. வாத்தியக்காரருக்குக் கூலி உண்டு. இசைச் சேவைகளில் பாட்டைச் சேர்ப்பதற்கு இடையில் விநியோக நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் சில ஆண்டுச் சந்தா வாங்குகின்றன. சில வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்கின்றன. இவை யாவும் முன்கூட்டியே யாவர்க்கும் பொதுவாக அறிவிக்கப்பட்ட கட்டணங்கள். நாம் தேடிச் சென்று, விலை விசாரித்து, ரசீது பெற்றுச் செய்யும் செலவு இது. தானாகத் தேடி வந்து, தனி மனிதரின் கணக்குக்கு, தவணை தவணையாகக் கேட்கப்படும் பணம் வேறு. உழவுக்கு டிராக்டர் வாடகை கொடுப்பதற்கும், நெல்லை வாங்க வந்த வியாபாரிக்கே நாம் பணம் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமை இதில் உண்டு.

பாட்டின் உரிமை

பணம் போவதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் பாட்டின் உரிமை போவது. இதில் சட்டம் பாட்டெழுதுவோர் பக்கம் நிற்கிறது என்பதைப் பலர் அறியார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமே ஒரு பாட்டை எழுதிய கணத்திலேயே அதன் உரிமை அவருக்கு உண்டாகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. “பதிவு செய்யாவிட்டால் பாட்டு உனதில்லை” என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவரை நம்ப வேண்டாம். சான்றுக்காகப் பதிய விரும்பினால், புதுதில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். ஒரு பாட்டின் வரிகளுக்கோ மெட்டுக்கோ அரசுக் கட்டணம் 500 ரூபாய். அவ்வுரிமை எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். ஆகவே, நிலத்தைப் போலப் பாட்டும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் சொத்தேயாகும்.

உரிமையை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று பத்திரத்தில் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்தப் பிரதேசத்துக்கு என்று குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் மிக முக்கியமானது. சினிமாவிலோ தனிப்பாட்டுப் பதிவிலோ இடம்பெறும் பாட்டு, பிற வழிகளில் ஈட்டும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உண்டு. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது மட்டும் இதற்கு விலக்கு. அந்த உரிமையைத் தம் வாரிசுகளுக்கோ, உரிமைத்தொகையை வசூலித்துப் பகிர்ந்தளிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அவர் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்பது பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோருக்கான அத்தகைய சங்கம்.

எனவே, புரியாத மொழியில் உள்ள பத்திரத்தில் கையெழுத்திடலாகாது. நிலப்பத்திரத்தை எவ்வாறு படித்துக் காட்டச் சொல்லிக் கேட்போமோ, அவ்வாறே இதையும் கேட்க வேண்டும். பாட்டை எழுதிய நோட்டில் தேதியிட்டு வைப்பதும், முதலில் பாடிய பதிவை அழிக்காமல் காப்பதும், தமக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைப்பதும் செலவில்லாத சான்றுகள்.

ஏமாந்துவிட்டால்

ஏமாந்தது தெரிந்தவுடன் வெட்கப்பட்டு மறைப்பதே பலர் செய்யும் இரண்டாவது தவறு. 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். இது இணையக் குற்றங்களில் பணம் இழந்தவர்களுக்கான தேசிய உதவி எண். புகார் விரைவில் சென்றால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகுமுன் அடைப்பது போன்றது இது. மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய காரியம், வாரக்கணக்கில் அன்று. தம் வங்கிக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். மத்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும், அருகிலுள்ள காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம்.

புகாருக்குத் தேவையானவை: பணம் அனுப்பிய நாள், நேரம், தொகை; யுபிஐ வழியே அனுப்பியிருந்தால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்; எதிரியின் கைப்பேசி எண்; உரையாடல் முழுவதும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடலாகாது. கணினி அல்லது கைப்பேசி மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பணம் இழந்த சில நாட்களில், “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டுங்கள்” என்று வேறொருவர் கூப்பிடக்கூடும். இதுவும் அதே சுறாவின் மற்றொரு வாய்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இதற்குத் தனி நிதி ஒன்றும் தேவையில்லை. பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், நூலகத்திலும், ரேஷன் கடையிலும் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கலாம். கிராம சபை கூடும் நாட்களில் பத்து நிமிஷம் ஒதுக்கி, மேலே கூறிய நான்கு வகைகளையும் படித்துக் காட்டலாம். சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்திலும் இதைச் சொல்லலாம். அடகுக்குப் போகும் நகை பெரும்பாலும் அவர்களுடையதே.

ஊரிலுள்ள கலைஞர்களின் பட்டியல் ஒன்றைப் பஞ்சாயத்து வைத்திருந்தால், வெளியூரிலிருந்து குழு தேடுவோர் அதன் மூலம் விசாரிக்க வசதி ஏற்படும். கலைஞர்களும் கூப்பிடுபவர் மெய்யானவர்தானா என்று அறிய ஒரு வழி பிறக்கும். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகாதவர்களைச் சேரும்படி தூண்டலாம். கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளைக் காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருவிழாவில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேடையில் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். தன் ஊரில் பாட இடம் இல்லாதவனையே முகம் தெரியாதவனின் புகழ்ச்சி எளிதில் மயக்குகிறது.

முன்பு கூறிய இளைஞன் நெடுநாள் பாடாமலே இருந்தான். சென்ற பொங்கலன்று அவ்வூர்ப் பெரியவர்கள் அவனை மேடைக்கு அழைத்து, வெற்றிலை பாக்கில் 501 ரூபாய் வைத்துக் கொடுத்துப் பாடச் சொன்னார்கள். முதலில் மறுத்தான், பிறகு பாடினான். இழந்த தொகையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். ஆயினும் பணம் சரியான பக்கத்திலிருந்து வந்தது. நம் ஊர்களில் பாடும் ஒவ்வொருவரும் அந்த வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு, கூப்பிடுபவரிடம் அச்சாரம் கேட்டு வாங்கும் நிலையை உண்டாக்க நாம் எல்லோரும் முயல்வோமாக.